எமன் ஏறிய முதுகு

சித்திரை பிறப்பதற்குள் வேங்கைக்காட்டுக் குளம் வற்றிவிட்டது. நடுவில் யானை படுத்து எழுந்த இடம் அளவுக்குச் சேறு மட்டும் மிஞ்சியது.

கால் உள்ளவர்கள் கவலைப்படவில்லை. கருங்கல் பொட்டலைத் தாண்டினால், எந்தக் கோடையிலும் வற்றாத மடு ஒன்று இருந்தது. மான்கள் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் குடித்துவிட்டு வந்தன. குரங்குகள் குடித்துவிட்டுத் திரும்பவே இல்லை. அங்கேயே குடியேறிவிட்டன.

தும்பை என்ற முயலுக்கோ அந்தப் பொட்டல் ஒரு கடல். மாசியில் பாறை உருண்டு அவள் பின்னங்கால் ஒன்று நசுங்கிப்போயிருந்தது. நாலு தாவு தாவினால் ஐந்தாவதற்கு உட்கார வேண்டும். பொட்டலில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் வெந்துபோகும். அவளைப் போல மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் இருவர்: கண் தெரியாத உடும்பு வரியன், மூட்டெல்லாம் இறுகிப்போன முள்ளம்பன்றி முள்ளி. குளத்துச் சேற்றை உறிஞ்சினால் மூவரும் மூன்று நாள் தாக்குப்பிடிக்கலாம். நான்காம் நாள் கிடையாது.

தும்பை காட்டுத் தலைவரான கரடியிடம் போனாள்.

"எங்களைத் தினமும் மடுவுக்குச் சுமந்துபோக ஒரு முதுகு வேண்டும், தலைவரே!"

கரடிக்குப் பெரிய சொற்கள் பிடிக்கும். 'முதுகு' என்று முரசறைந்தால் தன் பதவிக்கு அழகில்லை என்று அது நினைத்தது. "காட்டுக்கு வாகனம் தேவை!" என்று அறிவித்தது.

அந்த ஒரு சொல்தான் வினையாயிற்று. வாகனம் என்றால் சுமந்து செல்வது என்றுதான் பொருள். சுமப்பவர் உயர்ந்தவரா, சுமக்கப்படுபவர் உயர்ந்தவரா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆனால் வாகனம் என்றதும் எல்லாருக்கும் கோயில் நினைவு வந்துவிட்டது. மறுநாள் காலை மயில், பெருச்சாளி, குதிரை மூன்றும் திருவிழாவுக்குக் கிளம்பியவை போல வந்து நின்றன.

கரடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "உங்கள் குலத்தின்மேல் ஏறியவர் யார்?"

"முருகன்!" என்றது மயில். "உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்!"

"வந்து தோற்றீர்கள்" என்றது பெருச்சாளி. "எங்கள்மேல் ஏறியவர் பிள்ளையார். வீட்டைவிட்டு வெளியே போகாமலே ஜெயித்தோம்! இன்னொன்று, என்னை மூஞ்சூறு என்று யாரும் சொல்லக்கூடாது. மூஞ்சூறு வேறு, பெருச்சாளி வேறு."

"ஐயனார்!" என்று கனைத்தது குதிரை. "ஊர் எல்லையில் வரிசையாக நிற்கிறோமே, பார்த்ததில்லையா?"

"அது மண்குதிரை ஆயிற்றே!" என்றான் வரியன். "மண்குதிரையை நம்பி ஆற்றில்..."

"அந்தப் பழமொழியை என் முன்னால் சொல்லாதே!" குதிரை தரையை உதைத்தது. புழுதி பறந்தது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் எருமைக்கடா கேட்டான். மந்தன் என்பது அவன் பெயர்.

"நானும் வரலாமா?"

"உன் குலத்தின்மேல் ஏறியவர்?"

"எமன்."

காடே சிரித்தது.

"ஏறினால் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை!" என்றது மயில்.

எருமைமேல் மழை பெய்தது போல என்பார்கள். மந்தன்மேல் அன்று பெய்தது நல்ல கனமழை. அவன் அசைபோட்டபடியே திரும்பிப்போனான்.

தும்பை முன்னங்காலைத் தூக்கினாள். "தலைவரே, ஏறிப்பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே?"

"தெய்வம் ஏறிய முதுகை நீ சோதிப்பதா? அபசாரம்!" என்றது கரடி. மூன்று வாகனங்களுக்கும் மாலை விழுந்தது.

முதல் நாள் பயணம் தொடங்கியது.

வரியனுக்கு மயில். "என் தோகையைப் பிடிக்காதே!" என்றது அது. "பிடிக்காமல் எப்படி அண்ணே உட்காருவது?" என்றான் வரியன். கேள்விக்குப் பதில் வருவதற்குள் வானத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மேகம் வந்தது. மயில் தோகையை விரித்து ஆடத் தொடங்கியது. வரியன் ஒரு புதரில் கிடந்தான்.

தும்பைக்குப் பெருச்சாளி. அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாளா, அதற்கு இருபுறமும் நிற்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பத்து அடி போனார்கள். வழியில் ஒரு வளை தெரிந்தது. பழக்கதோஷம், பெருச்சாளி உள்ளே நுழைந்துவிட்டது. தும்பை வெளியே நின்றாள்.

முள்ளிக்குக் குதிரை.

"கொஞ்சம் குனியுங்களேன், ஐயா!"

"எங்கள் குலம் குனிந்ததில்லை. ஐயனார் தாவித்தான் ஏறுவார்."

"நான் ஐயனார் இல்லை. எனக்கு மூட்டுவலி."

குதிரை ஒரு நாழிகை காத்திருந்தது. பிறகு, புறப்படும் நேரம் வந்துவிட்டது என்று புறப்பட்டது. வெறும் முதுகோடு மடுவுக்குப் போயிற்று. வெறும் முதுகோடு திரும்பி வந்தது.

மாலையில் கரடி விசாரித்தது. "வாகனங்கள் புறப்பட்டனவா?"

"புறப்பட்டன!" என்றன மூன்றும்.

"திருப்தி!" என்றது கரடி. யாராவது போய்ச் சேர்ந்தார்களா என்று அது கேட்கவில்லை.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சேறு வெடித்து ஓடாகிவிட்டது. முள்ளி தலையைத் தூக்கவில்லை. கூப்பிட்டால் ஒரு முள் மட்டும் லேசாக அசைந்தது.

தும்பை நாலு தாவு தாவி உட்கார்ந்து, நாலு தாவு தாவி உட்கார்ந்து, மருதமர நிழலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே மந்தன் அசைபோட்டுக்கொண்டு கிடந்தான்.

"அண்ணே, உங்களுக்குப் படுக்கத் தெரியுமா?"

"அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், தங்கச்சி."

"நான் ஏறி முடிக்கும்வரை படுத்தே இருப்பீர்களா?"

"எழுந்திருப்பதுதான் எனக்குக் கஷ்டம்."

"முள்ளியும் வருவாள். முள் குத்துமே?"

"மேலே காய்ந்த சேறு. அதற்குக் கீழே தோல். அதற்கும் கீழேதான் நான் இருக்கிறேன்."

"நேரத்துக்குப் போய்ச் சேர்வீர்களா?"

"எங்கள் முப்பாட்டன் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை. தாமதிக்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள்தான் ஏராளம்."

மூன்று நாளில் முதல் முறையாகத் தும்பை சிரித்தாள்.

இருவரும் குளக்கரைக்கு வந்ததும் வரியன்தான் பின்வாங்கினான். "எமவாகனமா! யோசித்துப் பார், தும்பை!"

"இங்கேயே கிடந்தால் எமன் எப்படியும் வருவான். அவன் வருவதற்குள் அவன் வண்டியை நாம் பிடித்துக்கொள்வோம். ஏறு!"

மந்தன் முள்ளியின் பக்கத்தில் போய்ப் படுத்தான். கழுத்தை நீட்டித் தாடையைத் தரையோடு வைத்தான். மூக்கிலிருந்து நெற்றி, நெற்றியிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகு என்று ஒரு சாய்வான பாதை உண்டாயிற்று. தும்பை பின்னாலிருந்து தள்ள, முள்ளி மெல்ல மெல்ல நடந்தே ஏறிவிட்டாள். தும்பையும் ஏறினாள். வரியன் தோளருகே நகங்களைப் பதித்தான். உடும்புப்பிடிக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எல்லாரும் ஏறியாயிற்றா?" என்று கேட்டான் மந்தன்.

அந்தக் கேள்வியை இந்த மூன்று நாளில் யாரும் கேட்டதில்லை. "ஆயிற்று, அண்ணே!" என்றாள் தும்பை.

மந்தன் ஆடாமல் எழுந்தான். பொட்டல் தகித்தது. அவன் அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. ஓர் அடிக்குப் பின் அதே அளவில் இன்னோர் அடி. மயில் இன்னொரு மேகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. பெருச்சாளியின் வால் ஒரு வளைக்குள் மறைந்துகொண்டிருந்தது. குதிரை பறந்துவந்து பக்கத்தில் கனைத்தது.

"என்ன இது, நத்தை ஊர்வலமா?"

"ஆமாம்!" என்றாள் தும்பை. "இந்த நத்தையின்மேல் மூன்று பேர் இருக்கிறோம். உங்கள்மேல் எத்தனை பேர்?"

குதிரைக்கு அப்போது வேறு ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தது.

மடுவின் கரையில் முதலில் பார்த்தது ஒரு குரங்கு. "ஐயோ! எமன் வருகிறான்! மூன்று உயிரைப் பிடித்துக்கொண்டு வருகிறான்!" என்று அலறியது. மான்கள் சிதறின. தண்ணீர் குடிக்க வந்திருந்த கரடி ஒரே மூச்சில் மரத்தில் ஏறிவிட்டது.

மந்தன் யாரையும் பார்க்கவில்லை. முதுகு நனையும் ஆழம்வரை தண்ணீரில் இறங்கி நின்றான். இறங்காமலே மூவரும் குடித்தார்கள். முள்ளி குடித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். அவள் முட்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து நிமிர்ந்தன.

தும்பை அந்த முதுகின்மேல் மூன்று காலில் நிமிர்ந்து நின்றாள்.

"தலைவரே, இறங்கி வாருங்கள்! எங்களை யாரும் பிடித்துப்போகவில்லை. கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்!"

முதலில் ஒரு மான் ஆரவாரித்தது. பிறகு மடுவைச் சுற்றிலும் ஆரவாரம் எழுந்தது. கரடி மரத்திலிருந்து இறங்கி, தொண்டையைச் செருமியது.

"நாளை மறுபடியும் வாகனத் தேர்வு நடக்கும்!"

"நடக்கட்டும்" என்றாள் முள்ளி. "கேள்வியை நாங்கள் கேட்கிறோம்."

மறுநாள் குலம் கோத்திரம் யாரும் கேட்கவில்லை. படு என்றார்கள். ஏறும்வரை காத்திரு என்றார்கள். ஆடாமல் எழு, போய்விட்டுத் திரும்பி வா, நாளையும் இதையே செய் என்றார்கள். மந்தனும் அவன் உறவில் நான்கு எருமைகளும் தேறினார்கள். பெருச்சாளிக்குப் பாதையில் தான் தோண்டிய குழிகளை மூடும் வேலை கிடைத்தது. மயிலுக்கு, வண்டி புறப்படுகிறது என்று அகவும் வேலை. அதை மயில் மிக நன்றாகவே செய்தது. குதிரை பத்து நாள் யாருக்கும் தெரியாமல் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, முழங்கால் நடுங்க மண்டியிட்டது. முள்ளி அதன்மேல் ஒருமுறை ஏறி இறங்கினாள். "முதுகு பரவாயில்லை. முழங்கால் இன்னும் பழக வேண்டும். தினமும் வா" என்றாள். குதிரை தினமும் வந்தது.

கோடை முடிந்து முதல் மழை விழும்வரை வேங்கைக்காட்டில் ஓர் உயிர்கூடத் தாகத்தால் போகவில்லை. அந்த ஆண்டு எமனுக்கு அங்கே வேலையே இல்லை. அவன் வாகனத்துக்குத்தான் ஓயாத வேலை.

ஊருக்கு வண்டி தேர்ந்தெடுப்பவர்கள், அதில் நேற்று ஏறியவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்கக்கூடாது. இன்று ஏற முடியாமல் நிற்பவரை அது ஏற்றிக்கொள்ளுமா, நாளையும் தவறாமல் வருமா என்றே பார்க்க வேண்டும்.