சர்தானா ஆட வந்த ஓநாய்

கட்டலோனியா நாட்டு மலைக்காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்திநேரம் ஆனால் போதும், காட்டு விலங்குகள் குளக்கரைப் புல்வெளியில் கூடிவிடும். கைகோத்து வட்டமாக நின்று ஆடும். அந்த ஆட்டத்துக்குச் சர்தானா என்று பெயர். மரங்கொத்தி தாளம் போடும். தவளைகள் பாடும்.

யார் வந்து கேட்டாலும் வட்டத்தில் இடம் உண்டு. முள்ளெலிக்கே இடம் கொடுத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்! ஆனால் ஒன்று. ஆட வருகிறவர்கள் தங்கள் குட்டிகளை வட்டத்தின் நடுவில் விட்டுவிட்டுத்தான் கைகோக்க வேண்டும். எல்லோருடைய குட்டிகளுக்கும் எல்லோரும் காவல்.

நூரியா என்ற முயலுக்கு ஒரே ஒரு குட்டி. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக நடுவில் விட்டிருந்தது.

ஆட்டம் பாதியில் இருந்தபோது தாளம் சட்டென்று நின்றது. தவளைகள் தண்ணீருக்குள் குதித்தன.

"ஏன் நிறுத்திட்டீங்க? நானும் ஆடத்தான் வந்திருக்கேன்!" என்றது ஒரு குரல்.

ஓநாய்!

நூரியா தன் குட்டியைப் பார்த்தது. கால்கள் ஓடத் துடித்தன.

"ஓடிடலாமா?" என்று பக்கத்தில் நின்ற அணில் முனகியது.

"ஓடினா, குட்டிங்க?" என்றது மலையாடு.

ஒரு விலங்கும் நகரவில்லை.

ஓநாய் ஒன்றும் முட்டாள் இல்லை. வட்டத்தில் மலையாட்டின் கொம்பு இருந்தது. காட்டுப்பன்றியின் கோரைப்பல் இருந்தது. கூட்டமாக நிற்கிறபோது உள்ளே பாய்ந்தால் குடல் கிழிந்துவிடும். வட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடினால்தான் அதற்கும், குகையில் இருக்கும் அதன் குட்டிக்கும் சாப்பாடு. அதற்கு யாராவது ஒருவர் கையை விட வேண்டும்.

ஓநாய் வட்டத்துக்கு வெளியே மெல்லச் சுற்றி வந்தது.

சர்தானாவில் எல்லோரும் உள்பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஓநாய் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் இருந்த குட்டிகளுக்குத்தான் அது தெரிந்தது. குட்டிகளின் கண்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ, அந்தப் பக்கம் ஓநாய்!

கண்கள் காட்டுப்பன்றியின் பக்கம் போய் நின்றன. அப்புறம் மலையாட்டின் பக்கம். அப்புறம் அணிலின் பக்கம். கடைசியில் நூரியாவின் குட்டி தன் தாயின் தோளுக்கு மேலே பார்த்தது. அதன் வாய் பிளந்தது.

நூரியாவின் பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது.

"கை எப்படி நடுங்குது பாரு, பாவம்!" என்று ஓநாய் காதோடு சொன்னது. "கொஞ்சம் விட்டுடு. உன் குட்டியைத் தொடவே மாட்டேன். சத்தியம்! யாருக்கும் தெரியாது."

என் குட்டி பிழைத்துவிடும் என்று நூரியா ஒரு கணம் நினைத்தது. நினைத்ததை ஏன் மறைக்க வேண்டும்? எந்தத் தாயும் நினைப்பாள்.

அது மற்றவர்களைப் பார்த்தது. மலையாடு தலையைக் குனிந்து நின்றது. காட்டுப்பன்றி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. 'இவங்ககிட்ட என்ன சொன்னான்? இவங்க சரின்னு சொல்லிட்டாங்களோ?' ஓநாயைவிட இந்த நினைப்புதான் அதிகம் பயமுறுத்தியது. அப்போது அதன் பிடியிலிருந்து அணிலின் கை மெல்ல நழுவியது.

நூரியா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தது. தொண்டை கிழியக் கத்தியது.

"கையை விடச் சொல்றான்! விட்டா என் குட்டியைத் தொட மாட்டானாம்!"

மலையாடு நிமிர்ந்தது. "எனக்கும் அதைத்தானே சொன்னான்!"

"எனக்கும்!" என்றது காட்டுப்பன்றி.

"எனக்கும்தான். நான் விடப் பார்த்தேன்" என்று அணில் அழுதது.

"யார் குட்டியையும் தொட மாட்டான்னா, இவன் எதைத் தின்ன வந்தான்?" என்று கேட்டது முள்ளெலி.

ஓநாய் உறுமியது. "கேட்டவங்களுக்கு இடம் குடுக்கறதுதானே உங்க வழக்கம்? நான் கேட்டா மட்டும் இல்லையா?"

வழக்கம் அதுதான்.

"தர்றோம்!" என்றது நூரியா. "உன் குகையில ஒரு குட்டி இருக்கே, அதைக் கூட்டிட்டு வா. நடுவுல விடு. அப்புறம் கையைக் குடு!"

"என் குட்டியையா?" ஓநாய் பின்வாங்கியது. "இந்தக் கொம்புகளுக்கு நடுவுலயா? உங்களை நம்பியா?"

"உன்னை மட்டும் நாங்க நம்பணுமா?" என்றது நூரியா.

முதுகுக்குப் பின்னால் சருகு ஒருமுறை நொறுங்கியது.

மரங்கொத்தி பயந்துகொண்டே மறுபடி தாளம் போட்டது. வட்டம் அசைந்தது. ஓநாய் போய்விட்டதா, பின்னாலேயே நிற்கிறதா? நூரியா திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியின் கண்களை மட்டுமே பார்த்துக்கொண்டு ஆடியது. அந்தக் கண்கள் மெல்ல மெல்ல மரங்களின் பக்கம் போயின. வெகுநேரம் அங்கேயே நின்றன. பிறகு தாயிடம் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகும் ஒருவரும் கையை விடவில்லை.

அந்த நாட்டு மனிதர்கள் சர்தானா ஆடும்போது தங்கள் பைகளையும் மேலங்கிகளையும் வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டுத்தான் கைகோப்பார்கள். எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் காட்டு முயல்கள் பீற்றிக்கொள்ளும். முயல் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஆனால் இதை நம்பலாம்: தனியாக நம் காதில் சொல்லப்படும் ஆசை வார்த்தையை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டால், கையை விடாமல் நிற்கும் தைரியம் தானாக வரும்.