போன ஏழு மாதம்

"டீச்சர், என் பேரை அடிச்சிருங்க."

கோவில்பட்டிக்கு வெளியே இருந்த குடிநோய் சிகிச்சை மையத்தின் வாசற்படியிலேயே நின்றுகொண்டார் பரமார்த்தலிங்கம். வயது ஐம்பத்தொன்று. பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர்.

பிலோமினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அங்கே ஆலோசனை சொல்கிறவர். முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்ததால் எல்லோருக்கும் டீச்சர்தான்.

"உள்ள வாங்கண்ணே."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"என்னாச்சு?"

"மச்சினன் வீட்டுக் கல்யாணம். ஒரே ஒரு கிளாஸுன்னுதான் உக்காந்தேன். விடியக்காலம் பந்தக்காலைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்தேனாம்."

பிலோமினா சிரிக்கவில்லை. அவர் கைகளைப் பார்த்தார். நடுங்கின.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"நேத்தே பார்த்தாச்சு. மாத்திரை குடுத்திருக்காரு."

பிலோமினா உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அப்படியும் தளும்பியது. பிலோமினா டம்ளரின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு மாசம், டீச்சர். ஒரு சொட்டுத் தொடல. அத்தனையும் போச்சு. திரும்ப முதல்லருந்துன்னா என்னால ஆகாது."

பிலோமினா படியில் உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்தார்.

"அந்த ஏழு மாசமும் சாயங்காலம் ஆனா என்ன செய்வீங்க?"

"என்னத்த செஞ்சேன். முதல்ல சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். பொறவு மக நச்சரிச்சான்னு ஸ்கூட்டர் பழக்கிவிட்டேன்."

"செண்பகமா?"

"ஆமா. சரியான பயந்தாங்கொள்ளி. பின்னால பிடிச்சுக்கிட்டு கிரவுண்டு பூரா ஓடுவேன். 'விட்ராதீங்கப்பா, விட்ராதீங்கப்பா'ன்னு ஊருக்கே கேக்கக் கத்துவா."

சொல்லும்போதே சிரித்துவிட்டார். உடனே, சிரித்ததற்கு வெட்கப்பட்டவர்போல மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ எப்படி ஓட்டுறா?"

"நல்லாத்தான். திருப்பத்துலதான் கொஞ்சம் வேகம். சொன்னா கேக்க மாட்டேங்கா."

"நீங்க எங்க பார்த்தீங்க?"

"பின்னால உக்காந்துதானே வந்தேன்! இந்தக் கையோட நான் எங்க ஓட்ட? 'நீங்க ஏறுங்கப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்'னு அவதான்..."

நிறுத்திவிட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் நின்றது. செண்பகம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.



பரமார்த்தலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"வண்டியைப் பூட்டிட்டு வா தாயி," என்று குரல் கொடுத்தார். "அப்பாவுக்குக் கொஞ்சம் நேரமாகும்."