மொந்தால்பாவின் சிங்கம்

என் இரண்டு கண் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். மிச்சம் இருப்பதே இரண்டுதான்.

இத்தாலியில் மொந்தால்பா என்று ஒரு மலையூர். முன்னொரு காலம் பகைவர் முற்றுகையிட்டபோது, மதில்மேல் ஒரு சிங்கம் ஏறிக் கர்ஜித்ததாம். பகைவர் தலைதெறிக்க ஓடினார்களாம். கும்மிருட்டு, யாரும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும்தான். அன்றிலிருந்து கொடியில் சிங்கம், கதவில் சிங்கம், ரொட்டியில்கூடச் சிங்க முத்திரை.

ஊர்மன்றச் சுவரில் அந்தச் சிங்கத்தை வரையும் வேலை ஓவியக்காரி ஒர்சோலாவுக்கு வந்தது. அவள் அதைச் சீடன் கப்போவிடம் விட்டாள். சீடன் குருவைவிட மூத்தவன், தாடிக்காரன்.

"சிங்கம் எப்படி இருக்கும், அம்மா?"

"கொடியில் இருக்கிறதே."

கொடியில் இருந்த முகத்துக்கு அடர்ந்த புருவம், தொங்கிய கன்னம். பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

அந்த வாரம் வித்தைக்காரன் ஒருவன் நிஜச் சிங்கத்தையே கூண்டு வண்டியில் சந்தைக்குக் கொண்டுவந்தான். கப்போ போய்ப் பார்த்தான். ஒரு மயிர் பிசகாமல் அப்படியே சுவரில் வரைந்தான்.

மறுநாள் ஊரே மன்றத்தில் கூடிவிட்டது.

"இது யார் வீட்டுச் சிங்கம்?" என்றார் ரொட்டிக்காரர்.

"பக்கத்து ஊர்க்காரன் சொல்லிக்கொடுத்திருப்பான்," என்றாள் கோழிக்காரி.

மன்றத் தலைவர் கொட்டாவி விட்டார். "மாலை மணி அடிப்பதற்குள் நம் சிங்கம் சுவருக்கு வரவேண்டும். வராவிட்டால், தாடிக்காரா, நீ மதிலுக்கு வெளியே."

கப்போ ஒர்சோலாவிடம் ஓடினான். "உள்ளதைத்தானே வரைந்தேன் அம்மா? என்ன தப்பு?"

ஒர்சோலா அவனைச் சந்தைக்கு இழுத்துப் போனாள். மன்றத்தில் இருந்த கூட்டம் இப்போது கூண்டைச் சுற்றி நின்றது.

"பாவம், புருவமே இல்லை இதற்கு."

"ஏதோ நாய்க்கு முடி ஒட்டியிருக்கிறான்."

"இன்னொரு தரம் பார்," என்றாள் ஒர்சோலா.

"எத்தனை தரம் பார்த்தாலும் இதுதான் சிங்கம். அப்படியானால் கொடியில் இருப்பது என்ன? அன்றைக்கு மதில்மேல் கர்ஜித்தது எது? எனக்கு ஒன்றும் புரியவில்லை அம்மா."

அவள் அவன் தோளைப் பிடித்து, கூண்டுக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினாள்.

எதிரே ரொட்டிக்காரர், அடர்ந்த புருவத்தோடு. பக்கத்தில் கோழிக்காரி; கோபத்தில் அவள் தொங்கு கன்னம் ஆடியது. தலைவர் இன்னும் தூக்கம் கலையாமல் முறைத்தார்.

கப்போ அண்ணாந்து மதில்மேல் பறந்த கொடியைப் பார்த்தான், மறுபடி அந்த மூன்று முகங்களையும் பார்த்தான்.

"சுண்ணாம்பு குழைத்து வைத்திருக்கிறேன்," என்றாள் ஒர்சோலா. "போய்ச் சுவரில் பூசி, அது காய்வதற்குள் வரை."

சொன்னது நான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். மொந்தால்பாக்காரர்களுக்குக் கோபம் வந்தால் சத்தம் தாங்காது.