தண்ணீரோடு நடந்தவர்

"ஒரு நிமிஷம் பிசகினது கிடையாது தாயி. ஆனாலும் வாய்க்கு வந்தபடி ஏசுதாங்க," என்றார் நல்லபெருமாள்.

அவருக்கு அறுபத்துமூன்று வயது. மலையடிவாரத்து அணைக்கட்டில் வாய்க்கால் மடையைத் திறந்து அடைக்கிற வேலை. எந்த ஊர் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று அவருடைய அப்பா காலத்தில் எழுதிய தாள் எப்போதும் மடியில் இருக்கும். மணிக்கட்டில் கடிகாரம்.

அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மடத்தம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அணைக்கட்டை ஒட்டிய மடத்தில், தாமரைக் குளத்துக் கரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு ஏசுதா?"

"மேல்மடைக்காரங்கதான். பத்தலையாம். நாலு மாசம் பேய வேண்டிய மழை மலையில நாலு நாள்ல கொட்டிட்டு, பாறையில உருண்டு நேரா கடலுக்குப் போயிருது. தை பிறக்கும் முன்னாலயே ஆறு மெலிஞ்சு போச்சு. அதுக்கு நானா பொறுப்பு?"

"கடைமடைக்காரங்க என்ன சொல்லுதாங்க?"

அவர் யோசித்தார்.

"அங்கேருந்து பேச்சே இல்லையே."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள்.

"அவங்க முறை எப்போ?"

"நாளைக்குத்தான். மூணு மணி நேரம்."

"தண்ணியைத் திறந்துவிட்டு அதுகூடவே நடங்க. முந்தக் கூடாது. பிந்தவும் கூடாது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மடையைத் திறந்தார். "சரியா ஒன்பதுக்கு அடைச்சிரணும் மாப்ளே," என்று மருமகனிடம் சொல்லிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்.

முதலில் ஓட வேண்டியிருந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் அவரை முந்தப் பார்த்தது.

புளியந்தோப்பு தாண்டியதும் நடந்தால் போதும் என்றாயிற்று.

அதற்கப்புறம் வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் தண்ணீர் நின்றது, குடிபட்டது, மிச்சம் நகர்ந்தது. நண்டு வளைகள் குமிழிவிட்டு வாங்கிக்கொண்டன.

ஒன்பது மணி. மேலே மருமகன் மடையை அடைத்திருப்பான். தண்ணீர் இன்னும் பாதி வழியில் இருந்தது.

அவர் ஓர் அடி வைத்து நின்றார். அது வந்து சேர்ந்ததும் இன்னோர் அடி வைத்தார்.

பதினொரு மணிக்கு அவருடைய கால் பெருவிரலைத் தொட்டது. அதற்குமேல் வரவில்லை.

எட்டு வயல் தள்ளி ஒருத்தி மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அவர் வரப்பேறி அவளிடம் போனார். இசக்கியம்மாள். அவள் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாயைச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள். அதன்மேல் வரப்போகிற தண்ணீருக்கென்று ஓர் அரளிப்பூ. பக்கத்தில் காய்ந்த பூ நான்கு. வரப்பில் ஒரு பசு கட்டிக் கிடந்தது.

"வாங்க அண்ணாச்சி. கூடவே வந்தீகளாக்கும்? எங்க வருது?"

அவர் திரும்பிக் கையைக் காட்டினார். கடைசி ஈரம் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

"நாலு முறையா வரலையா? வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"என்னத்தச் சொல்ல? நீங்கதான் நேரம் தவறாமத் திறக்கீகளே."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நெல் பால் பிடிக்கிற பருவம். அவள் கதிர் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னிக்கும் வரலைன்னா மாட்டுக்காவது ஆகட்டும்னு ஓட்டியாந்தேன்," என்று குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது.

"எதுவரைக்கும் போச்சு?"

"என் கால் வரைக்கும் தாயி."

பெருவிரலில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா அதையே பார்த்தாள்.

"அங்க யாரு நின்னா?"

"இசக்கியம்மாள்னு ஒருத்தி. பால் பிடிக்கிற நெல்லுல மாட்டை அவுத்து விட்டுட்டா."

அம்மா குளத்தைப் பார்த்தாள். கரை தளும்பக் கிடந்தது. மடைக்கு மேலே அணைக்கட்டிலிருந்தே இராப்பகலாக அதற்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய தாளில் மடத்துக் குளத்துக்கு முறையும் கிடையாது, நேரமும் கிடையாது. அவர் கேட்டதில்லை. அவளும்தான்.

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேற்றை இரு கையாலும் அள்ளிக் குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாயில் அப்பத் தொடங்கினாள்.

"இனிமே அடைச்சு என்ன தாயி? அங்க மாடு மேயுது."

"தெரியுது அண்ணாச்சி," என்றாள் அம்மா, நிமிராமல். "இங்கிட்டு வந்து ஒரு கை பிடிங்க."