மோர் அண்டாவில் அமர்ந்த மகாராஜா

வெண்ணாவல்கோட்டை எந்தக் காலத்தில் இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே ராஜாவும் இருந்தார், கணினியும் இருந்தது. இரண்டுக்கும் சூடு ஏறாமல் விசிறி வீச ஆளும் உண்டு. கதைக்கு இது போதும்.

ராஜா பெயர் உத்தண்ட ராயர். தினமும் மனதில் இருப்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அரண்மனை எழுத்தர் செண்பகவடிவு கணினியில் தட்டுவாள். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இடது மூலையில் இருக்கும் ‘சேமி’ பொத்தானை அமுக்குவாள். பதினோரு வருஷப் பழக்கம்.

ஒருநாள் சீர்திருத்த மந்திரி திருமேனிநாதர் கணினித் திரையையே மாற்றிவிட்டார். ‘சேமி’ நடுவுக்குப் போயிற்று. அது இருந்த மூலையில் ‘அனைவருக்கும் அனுப்பு’ வந்து உட்கார்ந்தது. சபையில் யாரோ ஏன் என்று கேட்டதற்கு, “பார்க்க லட்சணமா இருக்கு. ஒரு வாரத்துல பழகிடும்” என்றார்.

அன்றைக்கென்று பார்த்து ராஜா சொன்ன வாசகம் இது: “என் மாமியார் வந்து ஆறு மாதம் ஆகிறது. எப்போது கிளம்புவாரோ, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.”

செண்பகவடிவின் விரல் வழக்கம் போல மூலைக்குப் போயிற்று. ஐம்பத்தாறு தேசத்துக்கும் போய்விட்டது கடிதம். மாமியாருக்கும்தான்.

ராஜா கொதித்துப் போனார். “பழக்க தோஷத்துல பழைய இடத்துக்குப் போறவங்க யாரா இருந்தாலும், கழுதை மேல வாலைப் பார்த்து உட்கார வெச்சு ஊரை விட்டு அனுப்புங்க. நாளைக்குச் சபை கூடினதும் முதல் வேலை இதுதான்.”

இந்த ஆணையையும் செண்பகவடிவுதான் தட்ட வேண்டியிருந்தது. பாவம், இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுவில் தேடி, சரியாகச் சேமித்தாள். சேமிக்காத ஆணை அந்த ஊரில் செல்லாது.

சபையில் கூத்தபிரான் என்று ஒரு விகடகவி. அவருக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக எழுந்தார்.

“மகாராஜா, கணினியை மட்டும் அழகு பண்ணினா போதுமா? இந்தச் சபா மண்டபத்தையும் மந்திரி வழியிலேயே மாத்தி அமைக்க எனக்கு உத்தரவு வேணும்.”

“பேஷா செய்யும்” என்றார் ராஜா. மந்திரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உத்தண்ட ராயர் வம்சத்தில் குனிந்து தரையைப் பார்ப்பதும், பின்னால் இருக்கும் சிங்காசனத்தைத் திரும்பிப் பார்ப்பதும் பெரிய இழுக்கு. மோவாயைத் தூக்கிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி பத்தொன்பது அடி நடக்க வேண்டும். சபையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அப்படியே உட்கார வேண்டும். ஏழு தலைமுறையாக இதில் பிசகு இல்லை.

மறுநாள் ராஜா பக்கவாசல் வழியாக வந்தார். கூரையைப் பார்த்தார். பத்தொன்பது அடி நடந்தார். திரும்பினார். உட்கார்ந்தார்.

தொபுக்கென்று ஒரு சத்தம். சிங்காசனம் இருந்த இடத்தில் முழங்கால் உயர அண்டா நிறைய மோர். ராஜா இடுப்பு வரை உள்ளே, கால் இரண்டும் வெளியே. மீசையில் ஒரு கறிவேப்பிலை.



“கூத்தபிரான்” என்றார் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு. “என் சிங்காசனம் எங்கே?”

“எங்கேயும் போகலை மகாராஜா. மண்டப நடுவுக்கு வந்திருக்கு. பார்க்க லட்சணமா இருக்கு, பாருங்க.”

“அதை என்கிட்ட சொல்ல வேண்டாமா?”

“செண்பகவடிவுகிட்ட யாரும் சொல்லலையே. அவ விரல் போன மாதிரிதான் தங்கள் இடுப்பும் போயிருக்கு. கழுதை வாசல்ல தயாரா நிக்குது. ஆணையில ‘யாரா இருந்தாலும்’னு தெளிவா இருக்கு. நேத்தே சேமிச்சாச்சு.”

ராஜா மோருக்குள் இருந்தபடியே யோசித்தார். குளுமையில் புத்தி கொஞ்சம் வேலை செய்தது.

“சரி. அந்த ஆணை ரத்து. செண்பகவடிவு மேலயும் தப்பில்லை, என் மேலயும் தப்பில்லை. நான் மோர்ல உட்கார்ந்தது இந்த மண்டபத்தைத் தாண்டக் கூடாது. இதை எழுதிப் பத்திரமா சேமிங்க.”

“இவ்வளவு ரகசியத்தை அந்தப் பெண்கிட்ட விடலாமா? நானே செய்யறேன்” என்று மந்திரி திருமேனிநாதர் பாய்ந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். மளமளவென்று தட்டினார். ராஜா அண்டாவில் இருந்தபடியே மீசையில் மோர் சொட்டச் சொட்ட முறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பதற்றத்தில் மந்திரியின் விரல் பழைய பழக்கத்தில் சட்டென்று இடது மூலைக்குப் போய் ஓர் அமுக்கு அமுக்கியது.

டிங் என்றது கணினி.

செண்பகவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

“ஐம்பத்தாறு தேசத்துக்கும் போயிடுச்சுங்க மகாராஜா” என்றாள்.

“ஆணை ரத்தாச்சா?” என்றார் ராஜா ஈனசுரத்தில்.

“போயிருக்கு, ஆனா சேமிக்கலைங்க. பழைய ஆணை அப்படியேதான் இருக்கு.”

ராஜா மந்திரியைப் பார்த்தார். கறிவேப்பிலையை எடுத்து வீசினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அண்டாவில் இருந்த பாதி மோர் தரைக்கு வந்துவிட்டது.

“செண்பகவடிவு, இனிமே உன்னைக் கேட்காம இந்த அரண்மனையில ஒரு பொத்தானும் நகரக் கூடாது. சம்பளமும் இரட்டிப்பு. அந்த ரத்து ஆணையை நீயே சேமிச்சிடும்மா. ஆனா அவசரமில்லை. மந்திரி கோட்டையை ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும், அப்புறம் சேமி.”

வாசலில் மந்திரி குதிரை ஏறும் பழக்கத்தில் கழுதையின் தலைப் பக்கம் பார்த்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு சேவகர்கள் அவரைத் தூக்கி வால் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

“ஐயோ, கழுதையோட தலை எங்கே? எதைப் பிடிச்சுக்கறது?” என்று தடுமாறினார் திருமேனிநாதர்.

கூத்தபிரான் வாலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“தலை எங்கேயும் போகலை மந்திரியாரே, இடம்தான் மாறியிருக்கு. ஒரு வாரத்துல பழகிடும்.”