பானையில் இலக்கணம், நடுவில் ஒரு பிள்ளை

அரைக்கிணற்றுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். பிள்ளைகள் பரவாயில்லை. ஆசிரியர்களைத்தான் யாராலும் கரையேற்ற முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் நல்லசிவத்துக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறாராம். படிப்பு சரியில்லை என்றால் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவாராம். நல்லசிவம் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அங்கே தலைமையாசிரியர் அவருடைய மச்சான். தீபாவளிக்குப் பார்ப்பதே பெரும்பாடாக இருக்கும் அந்த மனிதருக்குத் தினமும் எழுந்து நின்று வணக்கம் சொல்வதா? அதற்கு மாடு மேய்க்கலாம் என்று நினைத்தார். மாடும் அவர் பேச்சைக் கேட்காது என்பது வேறு விஷயம்.

ஆலோசனை நடந்தது. மூத்தவர் கோதண்டம் பழைய முறைதான் படிப்பு என்று சாதித்தார்.

"அந்தக் காலத்துல இலக்கணத்தைக் கரைச்சுக் குடிச்சாங்க சார். அதான் கேட்டா கடகடன்னு சொன்னாங்க."

இளையவர் அந்தோணிசாமி பயிற்சிக்குப் போய் வந்தவர். "அதெல்லாம் மலையேறிப்போச்சு சார். இப்போ பிள்ளையை மையத்துல வைக்கணும். படிப்பு தானா வரும்."

நல்லசிவம் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். வியாழன் பழைய முறை, வெள்ளி புது முறை என்று தீர்ப்புச் சொன்னார்.

வியாழக்கிழமை இலக்கணப் புத்தகத்தைக் கிழித்துப் பானைத் தண்ணீரில் போட்டார்கள். வெந்நீர் ஊற்றியும் அட்டை மட்டும் பிடிவாதம் பிடித்தது. பிள்ளைகள் விவரமானவர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நல்லசிவமே இரண்டு டம்ளர் குடித்தார்.

வேற்றுமை எத்தனை என்று கோதண்டம் கேட்டார். நல்லசிவம் நீளமாக ஓர் ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னும் செரிக்கல சார். நாளைக்குச் சரியாயிடும்."

வெள்ளிக்கிழமை அந்தோணிசாமி வகுப்பறையைக் காலடியால் அளந்து, நடுவைக் கண்டுபிடித்து, பூவரசி என்ற சிறுமியை அங்கே உட்காரவைத்தார். நடு என்றால் ஒருவருக்குத்தானே இடம்? ஓரத்தில் பிள்ளைகள் இருந்தால் முறை கெட்டுவிடும் என்று மற்ற பத்துப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிகாரி வந்தார். ஒற்றைப் பிள்ளையைப் பார்த்தார். இலக்கணப் புத்தகம் எங்கே என்று கேட்டார். நல்லசிவம் பணிவாகத் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி பதிவேட்டில் ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்: "இப்பள்ளியை உடனே இழுத்து மூடவும்."

நல்லசிவத்துக்கு அழுகையே வந்தது. ஆனாலும் ஆணை ஆணைதானே. தூணில் கயிற்றைக் கட்டினார்கள்.

"முதல்ல மூடிட்டு அப்புறம் இழுத்தா என்ன சார்?" என்றார் அந்தோணிசாமி.

"எழுதியிருக்கிற வரிசைப்படிதான் செய்யணும் தம்பி" என்றார் நல்லசிவம்.

சாயங்காலம் வரை இழுத்தும் கட்டடம் அசையவில்லை. நல்லசிவம் நேர்மையாகப் பதில் எழுதினார்: "ஐயா, ஆணைப்படி இழுத்தோம். பள்ளி வரவில்லை. ஆகவே மூட இயலவில்லை. ஆள் போதாது."

அலுவலகத்தில் கடைசி வரியை மட்டும் படித்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடி, அங்கிருந்த நான்கு ஆசிரியர்களையும் இங்கே அனுப்பிவைத்தார்கள். இப்போது தினமும் காலையில் ஏழு பேரும் சேர்ந்து இழுக்கிறார்கள். மச்சான்தான் சரியாக இழுப்பதில்லை என்று நல்லசிவத்துக்குக் குறை.