மன்னர் இழுத்த கயிறு

மகிழபுரி மன்னர் வல்லபதேவருக்குப் புதுமை என்றால் உயிர். அண்டை நாடுகளில் இல்லாத கணினி அவர் அரண்மனையில் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! தேர்த் திருவிழாவுக்கு எந்த ஊருக்கு எவ்வளவு அரிசி என்ற அட்டவணையை அதில்தான் போடுவார்கள். ஓர் ஊருக்குச் செய்துகாட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மற்ற ஊர்களுக்கு அதுவே போட்டுவிடும்.

எந்தப் பொத்தானை? அங்கேதான் வம்பு. திரையை வடிவமைத்த பூதலிங்கனார், பெயர் எழுதினால் அழகு கெடும் என்று எல்லாப் பொத்தான்களையும் ஒரே மாதிரி வைத்துவிட்டார். வேலைக்குப் புதிதாக வந்த செண்பகவல்லி ஒன்றை அழுத்தினாள். அட்டவணை மொத்தமும் அழிந்து போயிற்று.

"பொத்தானில் குறையில்லை மன்னா. புத்தியில்தான் குறை," என்றார் பூதலிங்கனார்.

மன்னருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாமல் தப்பாகக் கைவைப்பவர் யாராக இருந்தாலும் அரண்மனையை விட்டுப் போகவேண்டும். இவள் நாளைக்கே கிளம்பட்டும்!"

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அழுதுகொண்டே போனாள், பாவம். அவையின் வாயாடி தென்னப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

மன்னரின் கட்டிலருகே ஆட்களைக் கூப்பிடும் மணிக்கயிறுகள் ஆளுக்கொரு நிறத்தில் தொங்கும். அன்று மாலையே தென்னப்பன் அவற்றைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் வெள்ளைக் கயிறாக, இடம் மாற்றிக் கட்டினான்.

காலையில் மோர் வேண்டி மன்னர் ஒன்றை இழுத்தார். மேளதாளத்தோடு வாத்தியக்காரர்கள் நுழைந்தார்கள். காவலரைக் கூப்பிட இன்னொன்றை இழுத்தார். நாவிதர் வந்து மீசையைப் பிடித்தார். பதறிப்போய் மூன்றாவதை இழுத்தார். பட்டத்து யானை வாசலை அடைத்துக்கொண்டு தலையை நீட்டியது.

"தென்னப்பா! எது எதற்கென்று மனுஷனுக்கு எப்படியடா தெரியும்?"

தென்னப்பன் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு ஓடிவந்தான். "துணிமணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன் மன்னா. பல்லக்கும் தயார்."

"எங்கே போக?"

"அது எனக்கெப்படித் தெரியும்? தப்பாகக் கைவைப்பவர் யாராக இருந்தாலும் போகவேண்டும் என்றீர்கள். எங்கே என்று சொல்லவில்லையே!"

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலை தென்னப்பனுக்குப் போயிற்று. செண்பகவல்லிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பூதலிங்கனாரையும் உடனே வரவழைத்தார் மன்னர்.

"பூதலிங்கனாரே, ஒவ்வொரு பொத்தானிலும் பெயர் எழுதும். அழிக்கும் பொத்தான் தனியாக ஒரு மூலையில் இருக்கட்டும். அழுத்தினாலும், 'நிச்சயமாகவா?' என்று கேட்ட பிறகுதான் அழிக்கவேண்டும்."

"உத்தரவு மன்னா."

"அப்படியே பாகனிடமும் சொல்லும். இனி கயிற்றை இழுத்தால், யானையை வெளியே நிறுத்திவிட்டு, முதலில் அவன் மட்டும் வந்து கேட்கட்டும்!"